உல்சானில் பிறந்த மோட்டார் வண்டி



ஒரு பொருளைச் செய்தவன் அதைப் பற்றிச் சொல்வது ஒன்று. அதனைக் காசு கொடுத்து வாங்கி நாள்தோறும் பயன்படுத்துகின்றவன் சொல்வது வேறொன்று. சந்தையிலே மட்பானை வாங்கப் போகின்றவர் அதனைத் தட்டிப் பார்த்து ஓசையறிந்து வாங்குகின்றார். மோட்டார் வண்டியை அவ்வாறு தட்டிப் பார்த்து வாங்க இயலாது. அதன் குணமும் குற்றமும் சில மழைக்காலங்கள் கழிந்த பின்னரே வெளிப்படும். ஆதலினால் மோட்டார்த் தொழிலின் வரலாறு பாதி தொழிற்சாலையிலும் மறுபாதி வாங்கியவர்களின் வாயிலும் இருக்கின்றது. தென் கொரியாவின் ஹுண்டாய் நிறுவனத்தின் கதை இவ்விரு பாதிகளையும் ஒருங்கே காட்டவல்லது.

முதலில் அந்நாடு இருந்த நிலையை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1910 ஆம் ஆண்டு தொடக்கம் 1945 வரை கொரியா யப்பானின் ஆட்சியில் இருந்தது. விடுதலையோடு பிரிவினையும் வந்தது. 1950 இல் மூண்ட போர் மூன்றாண்டுகள் நாட்டைச் சுட்டெரித்தது. போர் ஓய்ந்த பின்னர், 1955 இல், சியோல் நகரிலே ஒரு வண்டி உருவாயிற்று. அமெரிக்கப் படையினர் கழித்துவிட்ட ஜீப் வண்டிகளின் உறுப்புக்களைச் சேர்த்து, வெற்று எண்ணெய்ப் பீப்பாய்களின் தகட்டை விரித்து, சம்மட்டியால் அடித்து அதற்கு உடல் அமைத்தார்கள். ‘சிபால்’ என்பது அதன் பெயர். ‘தொடக்கம்’ என்பது அதன் பொருள். கொரிய மோட்டார்த் தொழில் தொடங்கியது இத்தகைய நிலையிலிருந்தே.

ஹுண்டாய் நிறுவனத்தைத் தோற்றுவித்த சுங் ஜூ-யுங் 1915 இல், இன்று வட கொரியாவுக்குள் அடங்கிய தொங்சோன் என்னும் பகுதியிலே, ஏழை உழவர் குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்தார். வயலில் எவ்வளவு பாடுபட்டாலும் வயிறு நிரம்பாத வாழ்க்கையை வெறுத்து, இளமையிலே பல முறை வீட்டை விட்டு ஓடினார். ஒரு முறை தந்தையார் பசு விற்று வைத்திருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டு சியோலுக்குச் சென்றார். தந்தையார் தேடிச் சென்று மீட்டு வந்தார். எனினும் மகன் மீண்டும் சென்றார். துறைமுகத்திலே மூட்டை சுமந்தார்; கட்டடங்களிலே கல் சுமந்தார்; ஓர் அரிசிக் கடையிலே ஏவலாளாய் அமர்ந்து, உரிமையாளரின் நம்பிக்கையைப் பெற்று, ஈற்றில் அக்கடையையே தமதாக்கிக்கொண்டார். யப்பானிய அரசின் அரிசிப் பங்கீட்டு முறையினால் கடை மூடப்பட்டது. 1940 இல் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். சில வாரங்களுள் அது தீயில் வெந்தது. கடன் மேற் கடன் வாங்கி மறுபடியும் தொடங்கினார். விடுதலைக்குப் பின்னர் 1946 இல் நிறுவிய பட்டறைக்கு ‘ஹுண்டாய்’ எனப் பெயரிட்டார். ‘இக்காலம்’, ‘புதுமை’ என்பது அச்சொல்லின் பொருள்.

பாலமும் வீதியும் அமைக்கும் பணியே அவருக்குப் பெருஞ்செல்வத்தைத் தந்தது. வீதி அமைத்தவர் அதன் மேல் ஓடும் வண்டியையும் அமைக்க எண்ணியதில் வியப்பில்லை. 1967 டிசெம்பரில் ஹுண்டாய் மோட்டார் நிறுவனம் பிறந்தது. அதன் பொறுப்பைத் தம்பி சுங் சே-யுங் ஏற்றார். தென்கிழக்குக் கரையில் உள்ள உல்சானிலே தொழிற்சாலை எழுந்தது. போர்ட் நிறுவனத்தோடு செய்த உடன்படிக்கையின்படி 1968 முதல் கோர்ட்டினா என்னும் பிரித்தானிய வண்டியை அங்கே பூட்டி முடித்தார்கள். அது செப்பமான வீதிகளுக்கென வகுக்கப்பட்ட வண்டி. கொரியாவிலோ அக்காலத்தில் பெரும்பாலானவை கல்லும் புழுதியுமான வீதிகள். வாடகை வண்டியாக இரவு பகல் ஓடிய கோர்ட்டினாக்கள் விரைவிலே தளர்ந்தன, ஓட்டுநர்கள் முறையிட்டார்கள். வாங்கியவர் வாய்ச்சொல்லின் வலிமையை ஹுண்டாய் முதன்முதலாக அறிந்தது அப்பொழுதுதான். பிறர் வகுத்த வண்டியில் ஓர் ஆணியை மாற்றுவதற்கும் பிறரிடம் இசைவு கேட்க வேண்டியிருந்தது. போர்ட் நிறுவனத்தோடு கூட்டுத் தொழில் அமைக்கும் பேச்சும் 1973 இல் முறிந்தது.

அதன் பின்னரே சொந்த வண்டி செய்யும் துணிவு பிறந்தது. அதற்கு வேண்டிய அறிவைப் பல இடங்களிலிருந்தும் திரட்டினார்கள். பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ஜோர்ஜ் டேர்ன்புல் என்பவர் 1974 இல் உல்சானுக்கு வந்தார். பிரித்தானியப் பொறியியலாளர் சிலரும் உடன் வந்தனர். வண்டியின் வடிவத்தை இத்தாலியரான ஜியோர்ஜெட்டோ ஜியுஜாரோ வரைந்தார். எஞ்சின் யப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தினுடையது. 1974 இல் தூரின் நகரத்து மோட்டார்க் கண்காட்சியிலே ‘போனி’ என்னும் பெயரோடு அவ்வண்டி உலகின் பார்வைக்கு வந்தது. போனி என்றால் மட்டக்குதிரை. 1976 இல் அது விற்பனைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விலைப்பட்டன. அவ்வாண்டிலேயே சில வண்டிகள் தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக்குக் கப்பலேறின.

1984 இல் போனி கனடாவுக்குச் சென்றது. ஐயாயிரம் விற்றாலே போதும் என்றிருந்த இடத்தில் முதல் ஆண்டிலேயே 25,000க்கு மேல் விற்றன. அடுத்ததாக, 1986 இல், எக்செல் என்னும் வண்டி ஐக்கிய அமெரிக்காவில் இறங்கியது. அதன் விலை 4,995 டொலர். பழைய வண்டி வாங்கும் பணத்துக்குப் புதிய வண்டி கிடைக்கின்றது என்றால் யார்தான் வாங்கார்? முதல் ஆண்டில் மாத்திரம் 1,68,882 வண்டிகள் விற்றன. அந்நாட்டிலே புதிதாய்ப் புகுந்த எந்த அயல்நாட்டு நிறுவனமும் முதல் ஆண்டில் அவ்வளவு விற்றதில்லை.

ஆயின், விற்பனை வேறு; நற்பெயர் வேறு. கடையிலிருந்து புது மெருகோடு புறப்பட்ட எக்செல் வண்டிகள் சில ஆண்டுகளிலே தம் இயல்பைக் காட்டின. குளிர்நாட்டு வீதிகளில் பனியுருகத் தூவும் உப்பு அவற்றின் தகட்டை அரித்தது. சிறு உறுப்புக்கள் அடிக்கடி பழுதாயின. பழுதுபார்க்கும் செலவு பெருகப் பெருக, மறுவிற்பனை விலை சரிந்தது. ‘மலிவென்று வாங்கினோம், மலிவாக முடியவில்லை’ என்பதே வாங்கியவர் பலரின் மனக்குறை. தொலைக்காட்சி விகடர்களுக்கு ஹுண்டாய் என்ற பெயரே நகைப்புக்குரிய பொருளாயிற்று. கனடாவின் புரோமொண்ட் என்னும் ஊரில் 1989 இல் திறந்த தொழிற்சாலையை 1993 இல் மூட நேர்ந்தது. எண்ணிக்கையைப் பெருக்குவதிலே காட்டிய விரைவை உறுப்புக்களைச் சோதிப்பதிலே காட்டாமையின் பயன் அது.

எனினும் அவ்விருண்ட காலத்திலும் உள்ளே ஒரு நல்வேலை நடந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்காக மிட்சுபிஷியின் கையை எதிர்பார்க்கும் நிலை ஒழிய வேண்டுமென்று கருதித் தனி ஆராய்ச்சிக் கூடம் அமைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். சோதனையிலே எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஈற்றில் 1991 இல் ‘அல்பா’ என்னும் எஞ்சின் வெளிவந்தது. கொரியர் தாமே வகுத்துச் செய்த முதல் மோட்டார் வண்டி எஞ்சின் அதுவே.

இனி, 1998 ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்நிறுவனத்தின் வாழ்விலே அவ்வோர் ஆண்டில் நிகழ்ந்தவை பத்தாண்டுக்குப் போதுமானவை. முன்னைய ஆண்டு வீசிய ஆசியப் பணநெருக்கடியினால் கொரியா நிலைகுலைந்திருந்தது. அவ்வேளையில், ஜூன் மாதத்தில், எண்பது வயது கடந்த சுங் ஜூ-யுங் லொறிகளில் 500 மாடுகளை ஏற்றிக்கொண்டு பன்முன்ஜொம் எல்லையைக் கடந்து வட கொரியாவுக்குச் சென்றார். ஒக்டோபரில் மேலும் 501 மாடுகளை அனுப்பினார். இளமையில் எடுத்துச் சென்ற ஒரு பசுவின் கடனை ஆயிரம் பங்காகத் திருப்பினார் என்று உலகம் வியந்தது.

அதே கோடையில் உல்சானிலே வேறொரு காட்சி. ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் 36 நாட்கள் தொழிற்சாலைக்குள்ளே தங்கிப் போராடினார்கள். அவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் உடனிருந்தனர். முடிவில் 277 பேர் வேலை நீக்கப்பட்டார்கள். அவர்களுள் 144 பேர் தொழிலாளருக்குச் சோறாக்கிக் கொடுத்த உணவுச்சாலைப் பெண்கள். போராட்டத்துக்கு உணவளித்தவர்களே அதன் முடிவிலே வேலை இழந்தார்கள். பெருந்தொழிலின் வெற்றிக் கணக்கை எழுதுகின்றவர்கள் இந்தப் பற்றையும் எழுதுதல் வேண்டும்.

அவ்வாண்டிலேயே, முறிந்துபோன கியா நிறுவனத்தை ஹுண்டாய் வாங்கியது. 1944 இல் தோன்றி, மிதிவண்டி செய்து வளர்ந்தது கியா. செப்டெம்பரில் தமிழகத்திலே ஒரு நற்செய்தி பிறந்தது. சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் எழுப்பிய தொழிற்சாலையிலிருந்து ‘சன்ட்ரோ’ என்னும் சிறு வண்டி வெளிவந்தது. உயர்ந்த கூரையுடைய அவ்வடிவைக் கண்டு முதலில் முகஞ்சுளித்தவர் பலர். வாங்கி ஓட்டியவர்களோ, முதியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம் என்றும், நெருக்கடியான தெருவிலே எளிதாகத் திருப்பலாம் என்றும் மெச்சினார்கள். கண்ணுக்கு ஒவ்வாத வடிவம் பயன்பாட்டினால் மனத்துக்கு ஒவ்வியது. பின்னர் அங்கிருந்தே பல நாடுகளுக்கு வண்டிகள் கப்பலேறின.

ஆண்டின் கடைக்கூற்றிலே அமெரிக்காவில் ஓர் அறிவித்தல் வந்தது. எஞ்சினுக்கும் வேகமாற்றுப் பொறிக்கும் பத்தாண்டுகள் அல்லது ஒரு இலட்சம் மைல் வரை உத்தரவாதம்! பழுதுக்குப் பெயர்போன வண்டிக்கு இத்தகைய உறுதியா என்று பிற நிறுவனத்தார் நகைத்தனர். ஆனால் அதன் நுட்பம் ஆழமானது. பழுதின் செலவு அதுவரை வாங்கியவர் தலையில் விழுந்தது. இனிமேல் செய்தவர் தலையிலேயே விழும். ஆகவே பழுதில்லாமற் செய்வது அறம் மாத்திரமன்று, இலாபமுமாயிற்று. அப்போது தலைமையேற்ற சுங் மொங்-கூ, நிறுவனரின் மகன். விற்ற வண்டிகளைப் பழுதுபார்க்கும் கிளையை நெடுங்காலம் நடத்தியவர். முறைப்பாடுகளைக் கேட்டுப் பழகிய காது தலைவரின் காதாயிற்று. புதிய வண்டிகள் நூற்றில் எத்தனை குறைகள் என்று உரிமையாளரைக் கேட்டுக் கணக்கிடும் அமெரிக்க ஆய்வொன்றில், 1998 இல் ஹுண்டாய்க்கு 272 குறைகள். 2004 இல் அது 102 ஆகக் குறைந்தது. 2009 இல், பொருளாதாரம் வீழ்ந்த வேளையிலே, வண்டி வாங்கியபின் வேலை இழந்தவர் அதனைத் திருப்பித் தரலாம் என்றும் நிறுவனம் அறிவித்தது. அச்சத்திலிருந்த மக்கள் அதனை மறக்கவில்லை.

இத்தோடு கதை இனிதே முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. நற்பெயர் என்பது ஒரு முறை கட்டி முடித்துவிடும் மதில் அன்று. 2012 இல், வண்டிகளின் எரிபொருட் சிக்கனத்தை மிகைப்படுத்திக் கூறியமை அமெரிக்க அரசின் சோதனையில் வெளிப்பட்டது. வாங்கியவர்களுக்கு இழப்பீடு வழங்க நேர்ந்தது. பின்னர் ‘தீட்டா’ என்னும் எஞ்சினில் பெருங்குறை தோன்றியது. கடைசலின்போது சிதறிய உலோகத் துகள்கள் எண்ணெய் செல்லும் வழியை அடைத்தன. எண்ணெயின்றி உராய்ந்த உறுப்புக்கள் தேய்ந்தன. முதலில் தட்டும் ஓசையும், ஈற்றில் ஓடும்போதே எஞ்சின் நின்றுபோதலும் நிகழ்ந்தன. 2015 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,70,000 வண்டிகள் திருப்பியழைக்கப்பட்டன. அது போதாதென்று, நிறுவனத்திலே நெடுங்காலம் பணியாற்றிய பொறியியலாளர் ஒருவர் 2016 இல் அமெரிக்க அரசிடம் உண்மையை உரைத்தார்; வேலையையும் இழந்தார். 2020 இல் ஹுண்டாயும் கியாவும் சேர்ந்து 21 கோடி டொலர் அளவிலான தண்ட ஏற்பாட்டுக்கு உடன்பட்டன. மறு ஆண்டு அப்பொறியியலாளருக்கு அமெரிக்க அரசு 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பரிசளித்தது.

மின்சார வண்டியின் காலம் வந்த பின்னரும் இதே இரட்டைக் குரல் கேட்கின்றது. 2021 இல் வெளிவந்த ‘அயோனிக் 5’ பழைய போனியின் கோணங்களை நினைவூட்டும் வடிவுடையது; மறு ஆண்டு உலகின் சிறந்த மோட்டார் வண்டி என்னும் விருதைப் பெற்றது. மின்னேற்றம் விரைவாக முடிகின்றது, உள்ளே இடம் தாராளம் என்று உரிமையாளர்கள் போற்றுகின்றார்கள். மின்னேற்றத்தை ஆளும் கருவி பழுதாகி வண்டி வழியில் நின்றதென்று நொந்தவர்களும் உளர். அதற்காக 2024 இல் வண்டிகள் திருப்பியழைக்கப்பட்டன. முன்னர், 2021 இல், தீப்பற்றும் அபாயங் கருதிக் கோனா முதலான 82,000 மின்சார வண்டிகளின் மின்கலங்களை மாற்ற முன்வந்ததும் இந்நிறுவனமே.

எண்ணெய்ப் பீப்பாய்த் தகட்டில் வண்டி செய்த நாட்டிலிருந்து எழுந்த இக்குழுமம், 2022 ஆம் ஆண்டில் உலக மோட்டார் விற்பனையில் மூன்றாம் இடத்தை அடைந்தது. இவ்வுயர்வைத் தலைவர்களின் துணிவுக்கும் தொழிலாளரின் வியர்வைக்கும் உரியதாக்குவது முறையே. எனினும் இன்னொரு சாராருக்கும் அதில் பங்குண்டு. கோர்ட்டினா தளர்ந்தபோது முறையிட்ட வாடகை வண்டி ஓட்டுநர், துருப்பிடித்த எக்செலைப் பார்த்து நொந்த குடும்பத்தார், தட்டும் ஓசை கேட்டு விடாது வழக்காடிய உரிமையாளர் ஆகிய இவர்களின் கசப்பான சொற்களே இந்நிறுவனத்துக்கு மருந்தாயின. கேட்ட காலத்தில் அது வளர்ந்தது. கேளாதிருந்த காலத்தில் தண்டம் செலுத்தியது. வாங்குகின்ற நாமும் குறையைக் கண்டால் முணுமுணுத்துக்கொண்டு இராமல், உரிய இடத்திலே உரத்துச் சொல்லப் பழகுதல் நன்று.