விபிஎன் போட்டும் கசியும் டிஎன்எஸ்

ஆரணியில எங்க வீட்டுல, தறிச் சத்தத்துக்கு நடுவுல விபிஎன்-ஐ சோதிச்சேன். எந்தத் தளத்துக்குப் போறேங்கிற கேள்வி மட்டும் ரவுட்டர் வழியா இணைய நிறுவனத்துக்கே போகுது! பட்டுச்சேலையை மூட்டைக்குள்ள மறைச்சுட்டு, போற ஊருக்குத் தெருவெல்லாம் வழி கேட்ட கதைதான்.

காரணம் பழசு. 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்-ஐ வடிவமைத்தபோது கேள்விகளுக்கு மறையாக்கம் இல்லை. அதற்கான டிஎல்எஸ் வழி 2016-ல்தான் தரமானது. 2022-ல் செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டப்போ, நானும் ஆவேசமா பேசினேன். வீட்டு ரவுட்டரைப் பார்க்கல.

ஃபயர்வாலில் வெளியே போகும் 53-ஆம் போர்ட்டை அடைங்க. ரவுட்டர் 853 வழியா மட்டும் கேட்கட்டும். அப்பவும் ஒரு சர்வர் உங்க கேள்வியைப் பார்க்கும். அது எதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.