எழும்பூர் எலியட்டும் என் அப்பாவின் கண்ணும்

போன மாதம் மூக்குக்கண்ணாடி மாற்றலாம் என்று இங்கே அடுகோடியில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவர் கண் அழுத்தத்தையும் பார்த்தார். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்குமாம். எனக்கு 25. "வீட்டில் யாருக்காவது குளோக்கோமா உண்டா?" என்றார்.

அப்பாவுக்கு இருந்தது. நாங்கள் புரை என்று நினைத்தோம். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். பிறகு காட்டியபோது பார்வை நரம்பு கெட்டுப்போயிருந்தது. புரையை எடுத்துவிடலாம், போன நரம்பு திரும்பாது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, படிக்க உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் டாக்டர்கள் இமை மேல் விரலை வைத்து அழுத்தித்தான் கண் கல்லாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். 1905இல் நார்வேக்காரர் ஷியோட்ஸ் அளக்கும் கருவி செய்தார். இன்று டாக்டர் நீல வெளிச்சத்தோடு கண்ணருகே கொண்டுவருகிறாரே, அது 1950களில் சுவிட்சர்லாந்தின் கோல்ட்மன் கொடுத்தது.

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு! எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது. அங்கே தலைமை டாக்டராக இருந்த ராணுவ மருத்துவர் ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கருவிழி ஓரத்தில் வட்டமாகச் சிறு துளை போட்டு, உள்ளே தேங்கும் நீரை வடியவிடும் ஆபரேஷனைச் செய்தார். உலகமெங்கும் டாக்டர்கள் அதைப் பின்பற்றினார்கள். இன்றைய ஆபரேஷன் வேறு, ஆனால் நீருக்கு வழிவிடும் யோசனை அதேதான்.

சரி, அழுத்தம் கூடினாலே நோயா? இல்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று. அழுத்தம் அதிகம், நரம்பு மட்டும் நன்றாக இருக்கும் 1,636 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருடத்தில், மருந்து விடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்குக் குளோக்கோமா வந்தது. சொட்டு மருந்து விட்டவர்களில் 4.4. அதாவது பாதிக்கும் குறைவு. மருந்தே விடாமலும் பத்தில் ஒன்பது பேருக்கு வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் சிலருக்கு மருந்து, சிலருக்குக் கண்காணிப்பு மட்டும்.

அழுத்தம் சரியாக இருந்தும் குளோக்கோமா வருவதுண்டு. ஆகவே நரம்பையும் பக்கப் பார்வையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2001 முதல் 2004 வரை சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை ஆய்வில், நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது. வலி இல்லை, ஓரப் பார்வைதான் முதலில் போகிறது, யாருக்குத் தெரியும்?

பாங்க்கில் ஒருநாள் இருப்பை வைத்துக் கணக்கை எடைபோட மாட்டோம், ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்போம். கண் அழுத்தமும் அப்படித்தான், ஒரே நாளில்கூட ஏறி இறங்கும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு போன் போட்டேன். கூடப்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகமாம்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது அண்ணே?"

"அப்பாவும் அதைத்தாம்மா சொல்லிக்கிட்டிருந்தாங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சனிக்கிழமை போறேன்" என்றாள்.

நாற்பதைத் தாண்டிவிட்டீர்களா? நீங்களும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.