சட்டாம்பிள்ளை தந்த பாடம்

குழந்தை முதற்சொல் பேசும் நாளை வீட்டில் விழாவைப் போலக் கொண்டாடுகிறோம். அதே குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்குச் சென்றதும், "பேசாதே, கையைக் கட்டிக்கொள்" என்பதையே முதற்பாடமாகக் கேட்கிறது. பிள்ளை வாய்திறவாமல் இருப்பதே ஒழுக்கம் என்று நாமும் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், பிள்ளைகளின் நாவைப் பயிற்றுவதே கல்வியின் பெரும்பகுதி என்று கருதிய காலமும் நம் நாட்டில் இருந்தது. அதைப் பற்றி நான் படித்து அறிந்த செய்திகள் சிலவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நன்னூலைப் பார்ப்போம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இவ்விலக்கண நூலின் பொதுப்பாயிரம், கல்வி எப்படி நிரம்புகிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டு மனத்தில் கொண்டாலும், மாணவன் பெறுவது கால் பங்குதான். உடன் கற்பவரோடு சேர்ந்து பயில்வதால் இன்னொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப் பங்கோ, கற்றதைத் தானே பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். கேட்பதனால் வருவது கால். பிறரோடு பேசுவதனால் வருவது முக்கால். பேச்சு, கற்றுமுடித்த பின் அணிந்துகொள்ளும் அணிகலன் அன்று. கற்பதற்கே உரிய கருவி என்பது இதனால் விளங்குகிறது.

இக்கொள்கை பெரும்புலவர்களின் மடங்களோடு நின்றுவிடவில்லை. ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் அதன் சாயலைக் காணலாம். 1855-ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், தம் இளமைக்காலப் பள்ளிக்கூடங்களின் இயல்பை 'என் சரித்திரம்' என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பரப்பிய மணலில் பிள்ளைகள் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை, இளையவர்களை மேற்பார்த்துப் பாடத்தைச் சொல்லச் செய்தான். அவர் கூறும் வழக்கங்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது ஒன்று உண்டு. மாலையில் வீடு திரும்பும் பிள்ளை ஒவ்வொருவனிடமும் உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ மிருகத்தின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் பிள்ளை அதை மறவாமல் சொல்லவேண்டும். எளிய பயிற்சிதான். எனினும், ஒரு சொல்லைக் கருத்தோடு கேட்டு, இரவெல்லாம் காத்து, மறுநாள் ஒருவர் முன் நின்று தெளிவாகச் சொல்லுவதில் உரையாடலுக்கு வேண்டிய மூன்று திறமைகளும் அடங்கியிருக்கின்றன அல்லவா?

இத்தகைய பள்ளிக்கூடம் ஒன்று கடல் கடந்தும் புகழ் பெற்றது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதிக்குக் கண்காணிப்பாளரானார். படைவீரர்களின் பிள்ளைகளே அங்கே இருந்தனர். ஒருநாள் காலை குதிரைமேல் சென்றபோது, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பெல் கண்டார். அதையே தம் விடுதியில் செய்யுமாறு ஆசிரியர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்கள் அது நடவாத காரியம் என்று தட்டிக் கழித்தனர். பெல் சோர்ந்துவிடவில்லை. ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, எழுத்துக் கற்கும் வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். ஆசிரியர்கள் முடியாதென்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். அதன்பின், ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவன் சொல்லிக் கொடுக்கவும் மற்றவன் கேட்டுக் கற்கவும் பெல் ஏற்பாடு செய்தார்.

பெல் 1796-இல் தாய்நாடு திரும்பி, மறு ஆண்டே தம் சோதனையைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. 1814-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இந்தியாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்நாட்டுப் பள்ளிகளின் முறையே பெல் வழியாக இங்கிலாந்தில் கையாளப்படுகிறது என்று குறிப்பிட்டனர். மணலெழுத்தைத் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து பெற்றதைப் பெல்லே ஒப்புக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. திண்ணைதோறும் சட்டாம்பிள்ளை இருந்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கடல் கடந்த அம்முறை அங்கே நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிறுத்தி, குறைந்த செலவில் கல்வி தரும் சூழ்ச்சியாக அது மாறியது. மூத்தவன் சொன்னதை இளையவர்கள் பொருள் அறியாமல் திருப்பிச் சொன்னார்கள். ஒலி மிகுந்தது; உரையாடல் மறைந்தது. 1846-இல் இங்கிலாந்து அரசு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தும் வேறு திட்டத்தை மேற்கொண்டது.

நம் திண்ணைகளையும் குறையற்றவை என்று போற்றிவிட முடியாது. பிரம்பும் கோதண்டமும் அங்கே இருந்தன. அஞ்சிய பிள்ளையின் நா ஒப்பிக்குமேயன்றி உரையாடாது. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் தொகுத்துரைத்த கணக்கின்படி பள்ளிகள் 12,498; மாணவர்கள் 1,88,650. இவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்கும் அத்திண்ணைகள் பெரும்பாலும் எட்டாமலே இருந்தன. எத்தனை நாவுகள் பேச இடமின்றி அடங்கிப்போயின என்பதை எண்ணினால் நெஞ்சம் வருந்துகிறது.

ஆகவே, பழமையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவது பிரம்பை அன்று. நன்னூலார் காட்டிய முக்கால் பங்கையே. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைச் சிறு குழுக்களாகத் தரையில் அமர்த்தி, ஒருவருக்கொருவர் உதவிக் கற்கச் செய்தது. எழும்பூரில் பெல் செய்த சோதனைக்குப் பின் இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே நகரில் பிள்ளைகள் மீண்டும் அருகருகே அமர்ந்து பேசினார்கள்.

இதற்குப் பள்ளிதான் வேண்டும் என்பதில்லை. மூத்த பிள்ளை கதையை இளைய பிள்ளைக்குச் சொல்லட்டும்; இடையில் புகுந்து திருத்தாதீர்கள். பாட்டிக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்புங்கள். பாட்டி சொன்ன விடையைத் திரும்ப வந்து சொல்லச் செய்யுங்கள். பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் இதில் வேற்றுமை வேண்டாம். பிள்ளை தடுமாறிச் சொல் தேடும்போது, அச்சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடாமல் சற்றே பொறுத்திருங்கள். அப்பொறுமையே பெரியோர் குழந்தைக்குத் தரக்கூடிய முதற்பயிற்சி என்பது என் துணிபு.