பெயரிடாக் கட்டுரைகளும் புள்ளியியற் சோதனையும்

முன்னுரை

ஒரு நூலை இயற்றியவர் யார் என்னும் வினா தமிழாராய்ச்சிக்குப் புதியதன்று. ஔவையார் ஒருவரா பலரா, சங்கப் பாடல்களைப் பாடிய நக்கீரரும் திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரரும் ஒருவரா வேறா என்பன போன்ற வினாக்களை அறிஞர்கள் சொல்வழக்கு, யாப்பு, சமயக் கருத்து ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். ‘நடை வேறுபடுகின்றது’ என்பது அவ்வாராய்ச்சிகளில் அடிக்கடி காட்டப்பெறும் சான்றாகும். அந்நடையை எண்ணால் அளந்து காட்ட முற்படுவதே புள்ளியியல் நெறி. நடையின் எக்கூறுகளை எண்ணுவது என்பது ஒரு வினா. எண்ணிப் பெற்ற முடிபு எத்துணை நம்பத்தக்கது என்பது மற்றொரு வினா. முதல் வினாவிற்கு விடை தந்த சான்றையே இரண்டாவதற்கும் சான்றாகக் கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்று நடத்திய ‘இந்தியா’ வார இதழைக் கொண்டு இதனை விளக்குவாம்.

‘இந்தியா’ இதழின் சிக்கல்

‘இந்தியா’ 1906-இல் சென்னையில் தோன்றியது; 1908-இல் அரசின் அடக்குமுறையால் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது; 1910-இல் நின்றது. அதன் கட்டுரைகள் பல எழுதியவர் பெயரின்றியே வெளிவந்தன. பாரதியார் காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன் எனப் பல புனைபெயர்களைத் தம் வாழ்நாளில் மேற்கொண்டவர். இலண்டனிலிருந்து வ.வே.சு. ஐயரும் இவ்விதழுக்கு எழுதி வந்தார். அரசு வழக்குத் தொடுத்தபோது, இதழின் ஆசிரியர் எனப் பதிவு பெற்றிருந்த எம். சீனிவாசன் என்பாரே 1908-இல் தண்டனைக்கு உள்ளானார். எழுதியவர் ஒருவராகவும் சிறை சென்றவர் வேறொருவராகவும் இருந்த காலம் அது. ஆகவே ஆசிரியர் பெயரை மறைத்தல் அன்று நடையழகின்பாற் பட்டதன்று, பாதுகாப்பின்பாற் பட்டது.

பின்வந்த பதிப்பாசிரியர்கள் இதழ்களைத் தேடிப் பாரதியார் எழுத்துக்களைத் தொகுத்தனர். அவர்தம் உழைப்பு பெரிது. ஆயினும், பெயரில்லாக் கட்டுரையொன்றைப் பாரதியார் பெயரால் அச்சிட்டுவிட்டால், அதிலுள்ள அரசியற் கருத்து அவர் கருத்தாகவே மேற்கோள் காட்டப்பெறும். அவர் எழுதியதனை விட்டுவிடுதல் ஒரு குற்றம். எழுதாததனை அவர்மேல் ஏற்றுதல் அதனினும் பெரிய குற்றம்.

சோதனையின் வரலாறு

‘இந்தியா’ புதுச்சேரிக்குப் பெயர்ந்த அதே 1908-ஆம் ஆண்டில், புள்ளியியலிலும் ஒரு பெயரிடாக் கட்டுரை வெளிவந்தது. டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் என்பார், ‘ஸ்டூடன்ட்’, அஃதாவது ‘மாணவன்’, என்னும் புனைபெயரில் அதனை எழுதினார். சில அளவைகளே கிடைக்கும்போது, இரு தொகுதிகளிடையே காணும் வேறுபாடு உண்மையானதா, தற்செயலானதா என்று அறியும் வழியினை அது வகுத்தது. பிஷர் 1925-இல் வெளியிட்ட நூலால் இத்தகைய சோதனைகள் ஆய்வாளர் அனைவர்க்கும் உரியவாயின.

ஒரு கூற்றினை மட்டும் நோக்காது பல கூறுகளை ஒருங்கே நோக்கும் நெறி 1936-இல் உருப்பெற்றது. அவ்வாண்டில் பிஷர், ஐரிஸ் பூக்களின் இதழளவுகளைக் கொண்டு இனம் பிரிக்கும் சார்பினை அமைத்தார். கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிசு, இரு கூட்டங்களிடையேயுள்ள தொலைவினைப் பல அளவைகளால் கணிக்கும் தம் முறையை அதே ஆண்டில் வெளியிட்டார். கூட்டங்கள் இரண்டின் மிக்கிருக்கும் நிலைக்குச் சி. ஆர். இராவ் 1948-இல் இந்நெறியை விரித்தார்.

இலக்கியத்திற்கு இதனைப் பொருத்திக் காட்டியோருள் தலையாயவர் அமெரிக்கராகிய மாஸ்டெல்லரும் வாலஸும் ஆவர். 1787, 1788 ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த ‘பெடரலிஸ்ட்’ கட்டுரைகளுள் பன்னிரண்டு ஹாமில்டன் எழுதியனவா மாடிசன் எழுதியனவா என்பது நெடுங்கால வழக்கு. இவ்விருவரும் 1964-இல் வெளியிட்ட நூலில் அவற்றை மாடிசனுக்கே உரியவாக்கினர். போர் முதலிய பொருட்சொற்கள் கட்டுரையின் பொருளுக்கேற்ப மிகுந்தும் குறைந்தும் வருமாதலின், அவற்றை விலக்கி, நம் இடைச்சொற்களை ஒத்த சிறு சொற்களையே பெரிதும் கொண்டனர். எழுதுவோன் தன்னையறியாது கையாள்வன அவையே.

தமிழில் இந்நெறி வந்தவாறும் குறிக்கத்தக்கது. பாரதியார், சுப்பிரமணிய ஐயர், திரு.வி.க. ஆகிய மூவர் நடையையும் ஒப்பிட்டு, அக்காலத்துப் பெயரிடாக் கட்டுரைகளுக்கு ஆசிரியரைக் காண முயன்ற தமிழ்நாட்டுப் புள்ளியியலார் ஆய்வுகள் 2008, 2009 ஆண்டுகளில் அளவைமொழியியல் இதழொன்றில் வெளிவந்தன. இத்துறையில் தமிழ் ஆசிரியர்க்கும் கடமையுண்டு. எண்ணுவோர் கணக்கர், எதனை எண்ணலாம் என்று கூறற்குரியோர் மொழி வல்லார்.

கூறுகளைத் தெரிதல்

ஆங்கிலத்திற் சிறு சொற்கள் தனித்து நிற்பன. தமிழிலோ உம், ஏ, ஓ முதலிய இடைச்சொற்களும் வேற்றுமை உருபுகளும் பிற சொற்களைச் சார்ந்தே வருவன. ஆகவே அச்சில் இடைவெளிவிட்ட அளவே சொல்லெனக் கொண்டு எண்ணின், ஆசிரியர் நடைக்கு மாறாக அச்சுக்கோப்பாளர் வழக்கமே அளக்கப்படும். சந்தி பிரித்தும் எழுத்து மாற்றியும் வெளியிட்ட பிற்காலப் பதிப்புக்கள் இதற்குப் பயன்படா. மூல இதழே வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. திரு.வி.க. ‘தேசபக்தன்’ ஆசிரியரானது 1917-இல். அவர்தம் அக்கால எழுத்தை 1906-ஆம் ஆண்டு எழுத்தோடு ஒப்பிட்டால், காணும் வேறுபாடு ஆளின் வேறுபாடா, பத்தாண்டில் உரைநடை அடைந்த மாற்றமா என்று பிரித்தறிதல் அரிது.

மேலும், சோதனைகள் பலவாகுந்தோறும் தற்செயலும் பெருகும். நூறு கூறுகளை எண்ணி, நூற்றுக்கு ஐந்து என்னும் வரம்பில் ஒவ்வொன்றையும் சோதித்தோமாயின், ஆசிரியரிடையே வேறுபாடே இல்லாதவிடத்தும் ஏறத்தாழ ஐந்து கூறுகள் வேறுபடுவன போலத் தோன்றும். அவ்வைந்தையே பொறுக்கிக்கொண்டு, அவை ஆசிரியர்களை நன்கு பிரிக்கின்றன என்று மகிழ்தல், விடையை நோக்கி வினாவை அமைத்தலேயாம்.

முன்கணிப்பை மதிப்பிடுதல்

ஆலையொன்றிற் பிறந்த இச்சோதனை இன்றும் ஆலைகளிற் பயில்கின்றது. இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும் ஒரகடத்தில் 2010-இலும் பெரிய கார் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சூழ உதிரிப்பாக ஆலைகள் பல எழுந்தன. இத்தகைய ஆலையில் ஓர் எந்திரத்தின் வெப்பம், அதிர்வு, அழுத்தம் எனப் பல அளவைகளுள் பழுதினை முன்னுணர்த்துவன எவை என்று சோதனையால் தெரிகின்றனர். தெரிவு தவறாயின் அஃது ஒளிந்திராது. பழுதுபடும் என்ற பாகம் பழுதுபடாது, படாதென்றது படும். அங்கே மறுநாள் வந்து தீர்ப்பளிக்கின்றது.

இலக்கிய வரலாற்றில் அம்மறுநாள் இல்லை. பாரதியார் 1921-இல் மறைந்தார். ‘இக்கட்டுரை என்னுடையது’ என்று அவர் வந்து உரைக்கப் போவதில்லை. ஆதலின் அம்மறுநாளை ஆய்வாளனே அமைத்துக்கொள்ள வேண்டும். எழுதியவர் ஐயமின்றித் தெரிந்த கட்டுரைகளுள் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும். கூறுகளைத் தெரியுங்கால் அவற்றை நோக்கலாகாது. தெரிவு முடிந்தபின், பெயரை மறைத்து அவற்றைச் சோதித்து, எத்தனை சரியாயின எனக் காணல் வேண்டும்.

அவ்வெண்ணையும் தனியே நோக்கலாகாது. ஒதுக்கிய நாற்பது கட்டுரைகளுள் முப்பது பாரதியாருடையன என்று கொள்வோம். எதனைக் காட்டினும் ‘பாரதி’ என்றே கூறுபவனும் நூற்றுக்கு எழுபத்தைந்து சரியாகக் கூறிவிடுவான். அவனை விஞ்சாத முறை முறையாகாது. இன்னுமொன்று: மூவர் பெயரைத் தந்தால் கருவி மூவருள் ஒருவரையே காட்டும், எழுதியவர் வ.வே.சு. ஐயரோ வேறொருவரோ ஆயின், ‘இவருள் எவருமல்லர்’ என்று அது தானே கூறாது. அவ்விடையையும் இயலுமாறு செய்தல் ஆய்வாளன் கடன்.

முடிவுரை

புள்ளியியற் சோதனை புலமைக்கு மாற்றன்று. புலமைக்கு வைக்கும் உரைகல். ஆகவே இனிவரும் பதிப்புக்களில் பெயரிடாக் கட்டுரைகளைப் பாரதியார் எழுத்தோடு கலவாது தனிப்பகுதியாக வைத்து, ஒவ்வொன்றற்கும் புறச்சான்று, நடைச்சான்று, சோதனையில் அம்முறை பிழைத்த அளவு ஆகிய மூன்றையும் உடன் தருதல் நன்று. பிழைத்த அளவினைக் கூறாத முடிபு, எத்துணை எண்களால் அமைந்ததாயினும், கருத்தளவிலேயே நிற்பதாகும்.