புனிதருக்கு வணக்கம், கடவுளுக்கு ஆராதனை

"கடவுள் ஒருவரையே தொழ வேண்டும் என்றிருக்க, நீங்கள் மாதாவையும் புனிதர்களையும் கும்பிடலாமா?" பிற சபைச் சகோதரர்கள் இப்படிக் கேட்கும்போது நம்மில் பலர் விழிக்கிறோம். ஆனால் இக்கேள்வி மறைசாட்சிகளின் காலத்திலேயே எழுந்துவிட்டது.

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்று துருக்கியில் இஸ்மிர் என்று வழங்கும் ஸ்மிர்னா நகரின் ஆயர் புனித பொலிகார்ப், கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்ததால் கொல்லப்பட்டார். அவரது உடலைக் கிறிஸ்தவர்களிடம் கொடுத்தால் சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரை வழிபடத் தொடங்கிவிடுவார்கள் என்று எதிரிகள் அதிகாரியிடம் முறையிட்டனர். ஸ்மிர்னா சபையார் வேறொரு சபைக்கு எழுதிய மடலில் இதற்கு மறுமொழி இருக்கிறது. கிறிஸ்து இறைமகன், ஆராதனை அவருக்கே உரியது. மறைசாட்சிகள் அவருடைய சீடர்கள், அவர்களை நாங்கள் அன்பு செய்கிறோம் என்பதே அதன் சாரம். உடல் எரிக்கப்பட்டபின், அதே கிறிஸ்தவர்கள்தாம் அவருடைய எலும்புகளைப் பொன்னினும் மேலாகப் போற்றிச் சேகரித்து வைத்தனர். ஆண்டுதோறும் அவர் இறந்த நாளைக் கொண்டாடவும் விரும்பினர். இன்று நாம் அவரது விழாவை பிப்ரவரி 23-இல் கொண்டாடுகிறோம்.

பிற்காலத்தில் திருவுருவங்களை உடைக்கும் கலகம் எழுந்தபோது, 787-இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் இதே வேறுபாட்டை உறுதிசெய்தது. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அந்த உருவம் காட்டும் ஆளையே சேர்கிறது. ஆராதனையோ கடவுளுக்கு மட்டுமே.

கடவுளுக்குரியதை லாத்ரியா என்றும், புனிதருக்குரியதை தூலியா என்றும், அன்னை மரியாவுக்குரிய தனிச் சிறப்பை ஹைப்பர்தூலியா என்றும் இறையியலார் பிரித்தனர். தமிழில் நமக்குத்தான் சிக்கல்! தெருவில் சந்திப்பவருக்கும் வணக்கம், மே மாதத்தில் மாதாவுக்கும் வணக்கமாதம், கடவுளையும் வணங்குகிறோம். ஆகவே சொல்லைவிடச் செபத்தைக் கவனிப்பது நல்லது. மன்றாட்டுமாலையில் கடவுளிடம் நாம் கேட்பது இரக்கம். புனிதர்களிடம் கேட்பது நமக்காக அவர்கள் பரிந்து பேசுவதை. புனிதரின் திருவிழாவன்றும் திருப்பலி அவருக்கு ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. தந்தையாம் இறைவனுக்கே ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

இவ்வளவும் நம் திருச்சபையின் போதனை. நடைமுறையில், திருவிழா நாளில் சுரூபத்தைத் தொட முண்டியடிக்கும் நாம், நற்கருணைப் பேழையைக் கடக்கையில் முழங்காலிடவும் மறந்துவிடுகிறோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டால், ஸ்மிர்னா மடலைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது.