ஒரு நாள் ஆயுள்

ஓர் அட்டையின் கதை இது. வரிசை வரிசையாகத் துளைகள் போட்ட காகித அட்டை. ஆயுள் ஒரே நாள்.

1960களில் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் கேடபிள்யூஆர்-37 என்ற கருவி இருந்தது. கரையிலிருந்து சங்கேதமாக வரும் கடற்படை ஒலிபரப்பை அதுதான் பிரித்துக் கொடுக்கும். அதன் சாவி அந்த அட்டை. நாள்தோறும் கிரீன்விச் நள்ளிரவுக்குப் பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். அட்டை இல்லையென்றால் கருவி வெறும் இரும்பு.

சாவிகளை உருவாக்கியது மேரிலாந்தின் ஃபோர்ட் மீடில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு முகமை. அங்கிருந்து முத்திரையிட்ட கட்டுகளாக, காவலர் கையிலேயே அவை பயணப்படும். கப்பலில் சங்கேதப் பொருள்களின் பொறுப்பாளர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பெட்டகத்தில் வைப்பார். நாள் முடிந்ததும் அட்டையை அழித்து, அழித்ததற்கு இருவர் கையெழுத்திட வேண்டும். கணக்கில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சாவி எதிரியிடம் போய்விட்டதாகவே கொள்ள வேண்டும். துப்பாக்கி பிடிப்பவருக்குக் கிடைக்கும் பெயரில் கால்வாசிகூட இந்த வேலைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் கடற்படையின் ரகசியம் முழுவதும் அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது.

1968 ஜனவரி 23 அன்று வட கொரியா பியூப்ளோ என்ற அமெரிக்க உளவுக் கப்பலைப் பிடித்தது. மாலுமிகள் கோடரியாலும் சுத்தியலாலும் கருவிகளை உடைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் உடைக்க நேரமில்லை. கருவி போனால் போகட்டும், சாவியை மாற்றிவிட்டால் பழுதில்லை என்று அமெரிக்கா நம்பியது. அந்த வகைக் கருவிகளே தொடர்ந்து ஓடின.

நம்பிக்கை தவறில்லை. சங்கேதக் கலையின் அடிப்படையே அதுதான். ஆனால் ஜான் வாக்கர் என்ற கடற்படைத் தகவல் தொடர்பு அதிகாரி 1967இலேயே வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போய்ச் சாவிப் பட்டியல் ஒன்றை விற்றிருந்தார். பிறகு உள்ளங்கையில் அடங்கும் மினாக்ஸ் கேமராவால் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். படமெடுத்தால் அட்டை தொலையாது. அது கருவிக்குள் போகும், வேலை செய்யும், முறைப்படி அழிக்கப்படும், இருவர் கையெழுத்திடுவார்கள். பதிவேட்டில் ஓர் எண்கூடப் பிசகாது. இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நேர்மையாகக் கையெழுத்திட்ட அந்த இரண்டாவது ஆளுக்குக் கடைசிவரை எதுவும் தெரிந்திருக்காது.

1970களில் வாக்கர் சேர்த்துக்கொண்ட நண்பர் ஜெர்ரி விட்வொர்த். அவர் வகித்தது அந்தப் பெட்டகப் பொறுப்பையே. பூட்டை உடைக்க வேண்டியதே இல்லை. திறப்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

17 ஆண்டுகள் இது நடந்தது. எந்தத் தணிக்கையும் பிடிக்கவில்லை. வாக்கரின் முன்னாள் மனைவி சொல்லித்தான் எஃப்பிஐக்குத் தெரிந்தது. 1985 மே மாதம் வாக்கர் கைதானார். அடுத்த ஆண்டு விட்வொர்த்துக்கு நீதிமன்றம் விதித்த சிறைத் தண்டனை 365 ஆண்டுகள்.