மணிக்கட்டா, தொடையா: சஃபாரி ஆய்வைச் சந்தேகத்தோடு வாசித்தல்

மாரடைப்புக்கான ஆஞ்சியோபிளாஸ்டி தொடைத் தமனியை விட்டு மணிக்கட்டுத் தமனிக்கு நகர்ந்த கதையை 1989இல் தொடங்குவதே வழக்கம். மான்ட்ரியாலில் லூசியன் கம்போ 100 நோயாளிகளுக்கு மணிக்கட்டு வழியே இதயப் படம் எடுத்த விவரம் வெளியான ஆண்டு அது. ஆனால் 1948லேயே ஸ்வீடனின் ஸ்டிக் ராட்னர் அதே தமனி வழியாகக் குழாய் செலுத்தி மார்புப் பெருந்தமனியைப் படம்பிடித்துவிட்டார். 1992இல் ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினண்ட் கீமெனை ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் அவ்வழியைப் பயன்படுத்தினார். இவற்றில் எதைத் தொடக்கம் என்பது, எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கே விவாதிக்க வேண்டியது 2020இல் வெளியான சஃபாரி ஆய்வு. கனடாவில் மிஷெல் லமே குழுவினர், தமனி முழுதாக அடைபட்ட ஸ்டெமி வகை மாரடைப்பு நோயாளிகள் 2,292 பேரை இரு அணிகளாகப் பிரித்தனர். 30 நாள் இறப்பு மணிக்கட்டு அணியில் 1.5 சதவீதம், தொடை அணியில் 1.3. நன்கு பயின்ற கைக்கு இரு வழியும் ஒத்த பலனே தரும் என்பது லமேயின் வாசிப்பு.

அந்த வாசிப்பில் ஒரு பிடிமானக் குறை உண்டு. அவர் ஒப்பிட்ட தொடை வழி, முந்தைய ஆய்வுகளின் தொடை வழி அல்ல. சஃபாரியில் பெரும்பாலோருக்கு ரத்தக்கசிவு குறைவாக ஏற்படுத்தும் பிவாலிருடின் தரப்பட்டது. தொடை அணியில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் துளையை அடைக்கும் கருவியும் பொருத்தப்பட்டது. மருந்தும் கருவியும் சேர்ந்து தொடையின் குறையை மூடியபின் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, முடிவு மாற வாய்ப்பில்லை என்று கருதி ஆய்வைத் திட்டமிட்ட எண்ணிக்கைக்கு முன்பே நிறுத்தினார்கள். சிறு வித்தியாசத்தை மறுக்கும் பலம் அதற்கு இல்லை என்பதைக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் மணிக்கட்டை ஆதரிக்கும் எதிர்த்தரப்பின் ஆதாரமும் இரும்பல்ல. 2011இல் வெளியான ரைவல் ஆய்வில் 7,021 பேர் பங்கேற்றனர். மொத்தத்தில் முதன்மை முடிவு மணிக்கட்டில் 3.7, தொடையில் 4.0 சதவீதம், கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டெமி நோயாளிகள் 1,958 பேரைத் தனியே பார்த்தால் இறப்பு மணிக்கட்டில் 1.3, தொடையில் 3.2. இந்த ஒரு வரியே பலரை மணிக்கட்டுக்குத் திருப்பியது. அதன் பக்கத்து வரியை யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை: மற்ற வகை நோயாளிகளிடம் மணிக்கட்டு அணியின் இறப்பே சற்று அதிகம், 1.2க்கு 0.8. ஒரே கை ஒரு கூட்டத்தைக் காத்து மற்றொன்றைக் கைவிடுமா? மேலும் இறப்பில் தெரிந்த இடைவெளி பெரிது. ஆய்வின் பெரும் ரத்தக்கசிவு விகிதமோ இரு அணியிலும் ஒரு சதவீதத்துக்குள்தான். கசிவு குறைந்ததால் உயிர் தப்பியது என்ற விளக்கம் இந்த எண்களுக்குப் போதாது. தற்செயலும் இதில் கலந்திருக்கலாம்.

இருந்தும் 2012இன் ரைஃபிள் ஆய்வு, 1,001 ஸ்டெமி நோயாளிகளில், இதய இறப்பு 9.2இலிருந்து 5.2க்கு இறங்கியதைக் காட்டியது. 2015இன் மேட்ரிக்ஸில் 8,404 பேர். மொத்த இறப்பு மணிக்கட்டில் 1.6, தொடையில் 2.2. மூன்று ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். எனினும் மேட்ரிக்ஸில் பலன் தூக்கலாகத் தெரிந்தது, மணிக்கட்டு வழியை மிகுதியாகப் பயன்படுத்திய மையங்களில்தான்.

அங்கே மணிக்கட்டின் திறன் கூடியதா, தொடையின் திறன் மங்கியதா? கம்போ பணியாற்றிய மான்ட்ரியால் இதய மையமே 2015இல் சங்கடமான ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது. மணிக்கட்டு வழி பரவிய பின், தொடை வழியில் ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் முன்பைவிட அதிகரித்திருந்தன. கடினமான நோயாளிகள் மட்டுமே தொடைக்கு வந்ததும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இரண்டையும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் லமே சொல்லும் "நன்கு பயின்ற கை" அரிதாகிவருகிறது என்றால், அவருடைய சமநிலையும் காலாவதியாகிறது.

மாற்றத்துக்கு ஒரே ஆண்டைக் குறிக்க முடியவில்லை. ஐரோப்பிய வழிகாட்டி 2012இல் தேர்ந்த கைகளுக்கு மட்டும் மணிக்கட்டைப் பரிந்துரைத்தது, அதுவும் இரண்டாம் தரமாக. 2017இல் அதே நிபந்தனையோடு முதல் தரமாக்கியது. அமெரிக்கர்கள் 2021இல் வந்து சேர்ந்தார்கள். சஃபாரி நோயாளிகளைச் சேர்த்த காலம் 2011 முதல் 2018 வரை. இந்த நகர்வின் நடுவிலேயே அது நடந்தது.